நட்ட நடு

(மொட்டைமாடி. கரன்ட் போய் அரை மணி நேரம். கோபால் அண்ணன் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்க்கிறார். பக்கத்து வீட்டு சேகர் கொசு அடித்துக்கொண்டிருக்கிறான்.)

கோபால்: தம்பி, இவ்வளவு நட்சத்திரமும் யாருக்காக? நமக்காகத்தான். மனுஷன்தான் எல்லாவற்றுக்கும் நடு.

சேகர்: அண்ணே, அந்த நாற்காலியை 1543-லேயே கோப்பர்நிக்கஸ் பிடுங்கிவிட்டார். நடுவில் சூரியன், பூமி சுற்றுகிறது என்று புத்தகமே வந்துவிட்டது.

கோபால்: சூரியன் யாரு? நம்ம ஆளு! அவர் உட்கார்ந்தால் நாம் உட்கார்ந்த மாதிரி.

சேகர்: சூரியனே ஓரமாகத்தான் இருக்கிறது. பால்வெளியின் மையத்திலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டு தள்ளி.

கோபால்: பெரிய மனுஷன் சந்தைக்கு நடுவிலா வீடு கட்டுவான்?

சேகர்: அதுவும் சரிதான். அங்கே 40 லட்சம் சூரியன் எடைக்கு ஒரு கருந்துளை உட்கார்ந்திருக்கிறது.

கோபால்: பார்த்தாயா? நமக்கு இடம் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

(அண்ணன் எந்த வாதத்திலும் தோற்றதாகச் சரித்திரம் இல்லை. எதிராளிக்குத் தூக்கம் வந்துவிடும்.)

சேகர்: 1990-ல் வாயேஜர் 1 விண்கலம் 600 கோடி கிலோமீட்டர் தள்ளி நின்று பூமியைப் படம் எடுத்தது. தம்மாத்தூண்டு புள்ளி!

கோபால்: 1990-ஆ? அப்போது எனக்குத் தலை நிறைய முடி. அந்தப் படம் கிடைக்குமா?

சேகர்: அண்ணே, அண்டத்துக்கு வயது 1,380 கோடி. மனுஷன் வந்து ஏதோ 3 லட்சம் வருஷம்.

கோபால்: முக்கியஸ்தர் கடைசியில்தான் மேடை ஏறுவார்.

சேகர்: டைனோசர் 16 கோடி வருஷம் மேடையிலேயே இருந்தது. அதுவும் உங்களை மாதிரியே மல்லாந்து படுத்து, "எல்லாம் எனக்காக" என்றுதான் வானத்தைப் பார்த்திருக்கும். மேலேயிருந்து விண்கல் வந்தது.

(அண்ணன் சட்டென்று ஒருக்களித்துப் படுக்கிறார்.)

சேகர்: ஆனால் ஒன்று. இதுவரை நம்மை வந்துசேர்ந்த ஒளியை வைத்துத்தான் அண்டம் நமக்குத் தெரிகிறது. அந்த எல்லை எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே தூரம், சுமார் 4,600 கோடி ஒளியாண்டு. ஆக, உங்களுக்குத் தெரிகிற அண்டத்துக்கு நீங்கள்தான் நட்ட நடு.

கோபால்: (எழுந்து உட்கார்ந்து) அட, இதை முதலிலேயே சொல்லித் தொலைப்பதற்கென்ன!

சேகர்: எங்கேயிருந்து பார்த்தாலும் அவரவருக்கு அவரவர் நடு. உங்கள் மூக்கில் உட்கார்ந்திருக்கிற கொசுவுக்கு அதுதான் நடு.

(பளார்!)

கோபால்: (மூக்கைத் தடவியபடி) செத்ததா?

சேகர்: இல்லை அண்ணே. அண்டத்தின் மையம் இப்போது உங்கள் காதுக்கு நகர்ந்திருக்கிறது.