என்னை 'எலி டாக்டர்' என்று கூப்பிட வேண்டாம்

ஞாயிற்றுக்கிழமை புளோக் கீழே நடந்த கூட்டம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் வாட்ஸாப்பில் வீடியோ பார்த்திருப்பீர்கள். காசநோயை எலி மோந்து கண்டுபிடிக்கும் என்று நான் சொன்னதும் மேசையே சிரித்தது. "இனி பாலிகிளினிக்கில் எலிகிட்டதான் க்யூ நிக்கணுமா?" என்றார் ஓர் அண்ணன். நேற்றிலிருந்து லிப்டில்கூட எனக்குப் பெயர் எலி டாக்டர்.

நான் சொன்னது பொய் இல்லை. தான்சானியாவின் மொரோகோரோவில் அபோபோ என்ற அமைப்பு, கன்னத்தில் பை உள்ள ஆப்பிரிக்கப் பெரிய எலிகளைப் பழக்குகிறது. சூடேற்றிக் கிருமியைக் கொன்ற சளி மாதிரிகளை வரிசையாக வைக்கிறார்கள். காசநோய் வாடை பட்ட இடத்தில் எலி மூக்கை வைத்து நின்றுவிடும். சரியாகச் சொன்னால் தின்பண்டம். 100 மாதிரிகளை 20 நிமிடத்தில் பார்த்துவிடும். நுண்ணோக்கியில் ஒருவர் பார்த்தால் 4 நாள்கூட ஆகும்.

"எலி சொன்னா நம்பிடுவியாம்மா?" அங்கே யாரும் அப்படியே நம்புவதில்லை. எலி காட்டிய மாதிரியை ஆய்வுக்கூடத்தில் மறுபடி சோதித்த பிறகுதான் நோய் என்று சொல்கிறார்கள். கிளினிக்கில் 'கிருமி இல்லை' என்று கைவிட்ட மாதிரிகளிலும் எலி நோயைக் காட்டிக்கொடுக்கிறது.

2001இல் அப்பாவுக்கும் முதல் சோதனையில் 'இல்லை' என்றுதான் வந்தது. இரண்டு மாதம் எங்களோடு ஒரே அறையில் இருமிக்கொண்டு படுத்திருந்தார். பிறகு தம்பிக்கும் வந்தது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுத வேண்டிய ஆண்டு, தினமும் தாதியின் முன்னால் நின்று மாத்திரை விழுங்கினான். அந்த இரண்டு மாதத்தை நினைத்துத்தான் கூட்டத்தில் பேசினேன்.

சிங்கப்பூரில் காசநோயைக் கண்டுபிடிக்க மெஷின் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. இங்கே எலியைக் கொண்டுவா என்று நான் கேட்கவே இல்லை. மெஷின் எட்டாத ஊர்களைப் பற்றிச் சொன்னேன். மிருகவதை என்று ஒருவர் எழுதியிருக்கிறார், அவருக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. கம்போடியாவில் நூற்றுக்கும் மேற்பட்ட கண்ணிவெடிகளையும் வெடிபொருள்களையும் கண்டுபிடித்த மகாவா என்ற அபோபோ எலிக்கு 2020இல் தங்கப்பதக்கமே கொடுத்தார்கள். மிதித்தாலும் வெடிக்காத எடைதான் அதற்கு. ஓய்வு பெற்று, வயதாகித்தான் செத்தது.

2023இல் துருக்கி நிலநடுக்கத்துக்கு நம் குடிமைத் தற்காப்புப் படை மோப்ப நாய்களை அனுப்பியபோது இதே குழுவில் எத்தனை கைதட்டல்! நாய் மோந்தால் வீரம், எலி மோந்தால் நக்கலா?

எலியைப் பார்த்துச் சிரித்தீர்கள் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. உணவங்காடியில் மேசை துடைப்பவள் மருத்துவம் பேசுகிறாளே என்றுதான் சிரித்தீர்கள். இதையே ஒரு டாக்டர் வந்து சொல்லியிருந்தால் போனை எடுத்துக் குறித்துக்கொண்டிருப்பீர்கள். க்யூ என்று கேட்ட அண்ணனுக்கு என் அப்பாவைத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தவர் அவர். அதுதான் இரண்டு நாளாகத் தூங்க விடவில்லை.

அந்த வீடியோவைக் குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள். அடுத்த கூட்டத்துக்கும் வருவேன், தம்பியும் வருகிறான். கேட்க வேண்டியதை அவனிடம் நேரே கேளுங்கள்.