படம் வேண்டும், ஆள் வேண்டாமா?

அந்த ஓவியப் பட்டறை போஸ்டரை நேற்றிலிருந்து ஆளாளுக்குப் பகிர்கிறீர்கள், நான் திரும்பப் போடவில்லை. ஆனைகட்டிப் பக்கம் மரத்தடியில் பழங்குடி ஓவியம் வரைந்து மன அமைதி பெறலாமாம். போஸ்டரில் இருப்பது குறும்பர் என்ற பழங்குடி மக்களின் ஓவியம்: கொடியைப் பிடித்துப் பாறையில் தொங்கித் தேனெடுக்கும் ஆட்கள். நடத்துபவர்களில் ஒரு குறும்பர்கூட இல்லை.

நீலகிரியில் குறும்பரில் ஒரு பிரிவான ஆலு குறும்பர்கள் சுவரில் வரைந்துவந்த படம் அது. சிவப்புக்குச் செம்மண், பச்சைக்கு இலைச்சாறு, கருப்புக்குக் கரி, அப்புறம் வேங்கை மரத்துப் பிசின். எந்த மரத்தைக் கீறலாம், எதைத் தொடக்கூடாது என்று சொல்ல ஆள் பக்கத்தில் இருந்தால்தான் அதில் காடு இருக்கும். பட்டறையில் இருப்பது அக்ரிலிக் பெயின்ட் டப்பா.

"கலை எல்லோருக்கும் பொது" என்று வருவீர்கள். வரையுங்கள், யார் தடுத்தது? கட்டணம் வாங்கிச் சிகிச்சை என்று நடத்தும்போது அந்த மக்களைக் கூப்பிடுங்கள், பெயரைப் போடுங்கள், கூலியைக் கொடுங்கள். 1942-ல் 'ஆர்ட் தெரபி' என்று பெயர் வைத்த ஆட்ரியன் ஹில் போஸ்டரில் இருக்கிறார். குறும்பர் என்ற சொல் எங்கேயும் இல்லை.

"மனநலத்துக்கு நல்லதுதானே" என்பவர்களுக்கு: நல்லதுதான், நானே கண்ணால் பார்த்தவள். சின்ன மாமன் இறந்துபோனதிலிருந்து எங்க அம்மாயி, அம்மாவைப் பெற்றவர், வாயே திறக்கவில்லை. அந்த வருசம் பண்டிகை இல்லை. அடுத்த தையில் பூப்பறிக்கும் நோன்புக்கு, பெண்கள் கூடி ஆவாரம்பூ பறித்துக் கும்மியடிக்கும் பண்டிகைக்கு, ஊர்ப் பெண்கள் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்கள். ஆவாரம்பூக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். கும்மி நடுவில் யாரோ ஒரு அடியை மாற்றிப் பாட, "அது அப்படியில்ல" என்று சொல்லிவிட்டுத் தானே பாடினார். விரலெல்லாம் மஞ்சள் பூந்தாது. அவரைப் பேச வைத்தது பூ மட்டும் இல்லை. அந்தப் பாட்டு தெரிந்த, மாமனைத் தெரிந்த பெண்கள் சுற்றி நின்றார்கள்.

"நீ பழங்குடியா?" என்று ஏற்கெனவே ஒருவர் கேட்டாயிற்று. இல்லை. எங்கள் கும்மியை எங்களை விட்டுவிட்டு யாராவது நடத்தினால் எனக்கு வலிக்கும். அவர்களுக்கு வலிக்காதா?

இன்னொன்றும் சொல்கிறேன். பழங்குடிகளுக்குக் காட்டில் உரிமை தரும் வன உரிமைச் சட்டம் 2006-ல் வந்தது. இன்னும் காட்டுக்குள் போக, தேனெடுக்க அவர்கள் யாரையோ கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது. காட்டோரம் ரிசார்ட் கட்டியவர்களுக்கு அவர்கள் படம் மட்டும் சுவருக்கு வேண்டும்.

பட்டறைக்குப் போகப் பணம் கட்டியவர்கள் என் நண்பர் பட்டியலில் இருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. போகிறதுக்கு முன்னால் ஒரு போன் போட்டு, வரைய வரும் குறும்பர் யார், அவருக்கு எவ்வளவு தருகிறீர்கள் என்று கேளுங்கள். பதிலை இங்கே கமெண்டில் போடுங்கள்.