ஓட்டம் முதலில், ராட்டினம் பிறகு

டிஸ்னி கேளிக்கைப் பூங்காவில் நடக்கும் மாரத்தானுக்குப் போகிறவர்களுக்கு, 'மூன்று நாள் பூங்கா, நான்காம் நாள் ஓட்டம்' என்று உங்கள் கட்டுரையில் யோசனை சொல்லியிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படியே மாற்றிப் போடுங்கள்! அமெரிக்காவில் ஃபுளோரிடா டிஸ்னி வேர்ல்டு மாரத்தானுக்கு நானும் வீட்டுக்காரரும் போயிருந்தோம். முதல் நாளே ராட்டின வரிசையில் நின்று நின்று அவருக்குக் கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. விடியற்காலை 5 மணிக்கு ஓட்டம். 2 மணிக்கெல்லாம் எழுந்தோம். இதில் முந்தின இரவு வாணவேடிக்கை வேறு! மைலுக்கு 16 நிமிடத்துக்கு மேல் எடுத்துப் பின்தங்கினால், ஓட்டத்திலிருந்து விலக்கி வண்டியில் ஏற்றிவிடுவார்கள். வழியில் மிக்கியோடு படம் எடுக்க நான் நிற்க, இவர் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். படத்திலும் அப்படித்தான் விழுந்திருக்கிறார். ஆனால் சிண்ட்ரெல்லா கோட்டைக்குள் புகுந்து ஓடுகிற அந்த அரை நிமிடம் இருக்கிறதே, அடடா! 26.2 மைல் முடித்த மறுநாள்தான் பூங்காவை நிதானமாக ரசித்தோம், கால் வலியில் படிக்கட்டில் மட்டும் பின்பக்கமாக இறங்கிக்கொண்டு.