ரவுண்ட் ஓடவிட்டா பிளேயர் வந்துடுவானா?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் சாயங்காலம் பாஸ்கெட்பால் கோர்ட்டை எட்டிப் பாருங்க. லேஅப் (ஓடி வந்து வளையத்துக்குப் பக்கத்துல எம்பிப் பந்தைப் போடுறது) தவறினா கோர்ட்டைச் சுத்தி ஒரு ரவுண்ட், பாஸ் தவறினா ரெண்டு ரவுண்ட். பசங்களுக்கு நாக்குத் தள்ளினாதான் பிராக்டிஸ் நடந்த மாதிரி கோச்சுக்கும் திருப்தி, பெத்தவங்களுக்கும் திருப்தி. என்னைக் கேட்டா அதுல பாதி ஓட்டம் தண்டம்.

எவ்வளவு கஷ்டம்ங்கிறதைப் பிள்ளைகிட்டதான் கேக்கணும். பிராக்டிஸ் முடிஞ்சு அரை மணி நேரம் கழிச்சு ஒவ்வொருத்தரையும் தனியா கூப்பிட்டு, "இன்னிக்கு பத்துக்கு எத்தனை?"னு கேளுங்க. 6னு சொன்னா, பிராக்டிஸ் நடந்த 60 நிமிஷத்தால பெருக்குங்க. 360, அதுதான் அன்னைக்குச் சுமை. நோட்டுல எழுதிடுங்க. கும்பலா கேட்டா பக்கத்துப் பையன் சொன்னதையே இவனும் சொல்வான். ஓடி முடிச்ச கையோட கேட்டா எல்லாருக்கும் 9தான். நீங்க 4க்குத் திட்டம் போட்டு அவன் 8னு சொன்னா, தூக்கமா, டியூஷனா, காய்ச்சலானு விசாரிங்க; மறுநாள் அவனுக்கு ஷூட்டிங் மட்டும் போதும்.

சுமையை ஏத்த ரவுண்டே தேவையில்லை. ஆளைக் குறைச்சு இடத்தைப் பெருசாக்குங்க. 5க்கு 5 ஆட்டத்துல ஓரமா ஒதுங்குறவன், முழு கோர்ட்ல 3க்கு 3 வச்சா ஒளிய முடியாது. 3 நிமிஷம் ஆட்டம், 2 நிமிஷம் ஓய்வு, நாலு தடவை. இறக்கணும்னா அரை கோர்ட். ரெண்டு கடினமான நாளுக்கு நடுவுல ஒரு லேசான நாளாவது இருக்கணும். மேட்ச் ஆடின நாளும் கடினம்தான்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காத்தழுத்தம் கடல்மட்டத்துல இருக்கிறதுல முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். கோயமுத்தூர் ஷெட்யூலை அப்படியே இங்க போட்டா, மூச்சு திரும்புறதுக்குள்ள அடுத்த விசில் வந்துடும். பேரு ஸ்பிரிண்ட், நடக்கிறது ஜாகிங். 15 வினாடி ஓட்டத்துக்கு 45 வினாடியாவது ஓய்வு விடுங்க. கேம்ப்புக்குக் கீழேருந்து வர்ற பிள்ளைங்களுக்கு முதல் 3, 4 நாள் லேசா போதும். கோர்ட்டுக்கு மேடு ஏறி வர்ற இருபது நிமிஷத்தை (புத்தகப் பையோட!) யாரும் கணக்குல எடுக்கறதே இல்லை.

பொண்ணுங்க 11, 12லயும் பசங்க 13, 14லயும் கிடுகிடுனு வளருவாங்க. மாசம் ஒருதரம் சுவத்துல உயரம் குறிங்க. முட்டிச்சில்லுக்குக் கீழ துருத்தி நிக்கிற எலும்பை விரலால அழுத்தினா "ஆ"ங்கிறானா? ஆஸ்குட் ஷ்லாட்டரா இருக்கலாம். எலும்பு வளர்ற இடத்துல தசைநார் இழுத்து இழுத்து வர்ற வலி அது. தைலம் தேச்சுக் குதிக்க விடாதீங்க. ரீபவுண்ட் (வளையத்துல பட்டுத் திரும்புற பந்தை எம்பிப் பிடிக்கிறது), லேஅப்பை நிறுத்தி, ஃப்ரீ த்ரோ (கோட்டுல நின்னு பந்து போடுறது), நின்ன இடத்துல டிரிப்ளிங் குடுங்க. நொண்டினாலோ வீங்கினாலோ டாக்டர்கிட்ட.

மூடுபனியில சிமென்ட் தரை நனைஞ்ச அன்னைக்கும் இதே மாதிரி நின்ன இடத்துப் பயிற்சிதான். லேஅப்ல இறங்குற கால் வழுக்குச்சுன்னா அந்த சீசனே போச்சு.