செட்டிநாட்டு ஓடுதளமா? முதலில் காற்றை அளக்கட்டும்

எங்கேயாவது ஒரு பயிற்சி விமானம் இறங்கும்போது ஓடுபாதையை விட்டு விலகிவிட்டால் போதும், "ஓட்டத் தெரியாதவன் கையில் கொடுத்தால் இப்படித்தான்" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுகிறோம். படிக்கும்போதே கோபமாக வருகிறது.

பக்கவாட்டுக் காற்றில் சிறிய விமானம் மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டு நண்டு மாதிரி கோணலாகத்தான் வரும். தரைக்குச் சில அடி இருக்கும்போது சுக்கானை மிதித்து மூக்கை நேராக்க வேண்டும். அதே நொடியில் காற்றடிக்கும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்த வேண்டும். அந்தப் பக்கத்துச் சக்கரம் முதலில் தொடும். அப்பாடா என்று அங்கே கையைத் தளர்த்தினால் போச்சு. வாலில் அறையும் காற்று மூக்கைத் திருப்பிவிடும், தாழ்த்திய இறக்கை மேலே எழும்பும். பல விபத்துகள் நடப்பது சக்கரம் தரையைத் தொட்ட பிறகுதான்.

அம்மியும் பறக்கும் ஆடி மாதத்தில், ஆள், எரிபொருள் எல்லாம் சேர்த்தே 1,157 கிலோவைத் தாண்டக் கூடாத செஸ்னா 172 பயிற்சி விமானம் எம்மாத்திரம்? அது சோதனையில் இறங்கிக் காட்டிய பக்கவாட்டுக் காற்று 15 நாட், அதாவது மணிக்கு 28 கிலோமீட்டர்தான். மதுரை, திருச்சி ஓடுபாதைகள் இரண்டுமே கிழக்கு மேற்காகக் கிடப்பவை. தென்மேற்கிலிருந்து 20 நாட் காற்று வீசினால் 14 நாட் பக்கவாட்டில் விழும்.

சரி, நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் செட்டிநாடு ஓடுதளத்தைத் திறக்கச் சொல்லிக் கேட்கிறோம். எனக்கும் அந்த ஆசை நிறையவே உண்டு. ஆனால் கட்டடம், பெயர்ப்பலகை பற்றிப் பேசும் அளவுக்குக் காற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 1,200 மீட்டருக்குக் குறைவான ஓடுபாதை போதும் என்கிற விமானத்துக்கு 10 நாட், 1,500 மீட்டரும் அதற்கு மேலும் தேவைப்படுகிற விமானத்துக்கு 20 நாட் பக்கவாட்டுக் காற்று என்று கணக்கு வைத்து, 95 சதவீத நேரமாவது விமானம் இறங்க முடிகிற திசையில் பாதை அமைய வேண்டும் என்கிறது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு. அதற்குக் குறைந்தது 5 வருடக் காற்றுக் கணக்கு இருந்தால் நல்லது என்றும் சொல்கிறது. அப்படி ஒரு கணக்கு இருந்தால் ஊருக்குக் காட்டட்டும். இல்லையென்றால் காற்றுமானிக் கம்பத்தை இப்போதே நடட்டும்.

அப்புறம், நாளைக்கு இங்கே பயிற்சிப் பள்ளி வந்தால், இறங்காமல் மறுபடி மேலே ஏறிப்போகும் பிள்ளையை எந்தப் பயிற்றுநரும் முகம் சுளித்துப் பார்க்கக் கூடாது. அந்தச் சுளிப்புக்குப் பயந்துதான் இறங்கக் கூடாத காற்றிலும் இறங்கப் பார்க்கிறார்கள்.

மனு எழுதுகிற அண்ணன்மார்களே, காற்றுமானிக்கும் அதில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.