வள்ளலாரின் பரிவு வடலூரில்தான் பிறந்ததா?

சென்னையை விட்டுப் போன பிறகுதான் வள்ளலாருக்கு இயற்கையோடும் எளியவர்களோடும் உறவு ஏற்பட்டது என்று வள்ளலாரைப் பற்றிய இந்தக் கட்டுரையை எழுதியவர் சொல்வதை ஏற்க முடியவில்லை. 1858இல் வடலூர் அருகே உள்ள கருங்குழிக்குப் போகும் வரை அவர் வாழ்ந்தது சென்னை ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளை தெருவில். இளமையில் கந்தகோட்டத்து முருகனைப் பாடிய தெய்வமணிமாலையிலேயே உத்தமர்தம் உறவு வேண்டும் என்று கேட்டவர் அவர். சென்னையைக் குறித்து, ‘இந்த நெரிசலில் பயிர் ஏது’ என்று கட்டுரைக்கு வந்த பின்னூட்டத்தில் ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். ‘வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடினேன்’ என்று வள்ளலார் பாடியது திருவருட்பாவின் பிற்காலத்து ஆறாம் திருமுறையில், உண்மைதான். ஆனால் எல்லாரும், மேடைப் பேச்சாளர்கள் குறிப்பாக, பயிரோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே பாட்டில், வீடுதோறும் இரந்தும் பசி தீராமல் அயர்ந்தவர்களைக் கண்டு பதைத்தேன் என்கிறாரே! அது வயல்வெளிக் காட்சியல்ல, தெருக் காட்சி. அதை அவர் முதலில் பார்த்தது சென்னையில்தான் இருக்கும் என்பது என் ஊகம். தங்கசாலைப் பக்கம் கடை வைத்திருப்பவன் நான். எங்கள் தெருமுனையில் வள்ளலார் வழி நடக்கும் சன்மார்க்க அன்பர்கள் காலையில் கஞ்சி ஊற்றுகிறார்கள். மூட்டை தூக்குபவர்களுக்கு நடுவே ஒரு மூதாட்டி நிற்பார். தூக்குவாளியை முந்தானையால் துடைத்துவிட்டுத்தான் நீட்டுவார், வாங்கியதில் கொஞ்சம் தெருநாய்க்கு ஊற்றிய பிறகே தான் குடிப்பார். பசித்தவர்களுக்கு உணவளிக்க வள்ளலார் தொடங்கிய வடலூர்த் தருமச்சாலையில் 1867இல் மூட்டிய அடுப்பு இன்றும் எரிவதைக் கட்டுரை அழகாகவே சொல்கிறது. ஏழுகிணற்றுக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருக்கலாம்.