கூட இருப்பவரும் நடக்க வேண்டும்

மறதி நோய் வந்தவர்களைத் தினமும் நடக்க வைக்கச் சொல்கிறது உங்கள் கட்டுரை. சரிதான். ஆனால் பார்த்துக்கொள்பவரைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள்.

என் மாமியாருக்கு அல்சைமர். பொழுது சாய்ந்தால் "வீட்டுக்குப் போகணும்" என்று வாசலுக்கும் அடுப்படிக்குமாக அலைவார். இந்த நோயில் பலருக்கும் அந்த நேரத்தில்தான் பதற்றம் கூடும். அதனால் வெயில் தாழ்ந்ததுமே மதுரை வண்டியூர் தெப்பக்குளத்துக்குக் கூட்டிப்போய்விடுவோம். தினமும் அதே பாதை, அதே திசை. புது இடம் என்றால் மிரண்டுவிடுவார். நோய் குறைந்தது என்று சொல்ல மாட்டேன், ராத்திரி தூக்கம் பரவாயில்லை. தெப்பத் திருவிழாக் கூட்டத்தில் மட்டும் வேண்டாம். அன்று மொட்டை மாடிதான், அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது.

ஆனால் அவர் வேகத்தில் நடப்பது எனக்கு நடையே இல்லை. வயது வந்தவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நோயாளியைத் தூக்கி உட்கார வைத்தே இடுப்பு போகிறவர்களுக்கு இது ஆடம்பரமா? காலையில் என் கணவர் அவருடைய அம்மாவைப் பார்த்துக்கொள்கிறார், நான் தனியாக வேகமாக நடந்துவிட்டு வருகிறேன். "கிழவியை விட்டுட்டு ஊர் சுத்துறா" என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். பேசட்டும். அவர்களில் ஒருவர் வாரம் ஒரு சாயங்காலம் வந்து உட்கார்ந்தால் என் கணவரும் நடக்கப் போவார்.